ஜாஸ் கிட்டாரின் மூன்றாம் கம்பி



1965-ஆம் ஆண்டு நியூயார்க்கின் ஹாஃப் நோட் கிளப்பில் பியானோக் கலைஞர் வின்டன் கெல்லியின் மூவர் குழுவோடு வெஸ் மாண்ட்கோமரி கிட்டார் வாசித்தார். அந்த ஆண்டின் பதிவுகள் ‘ஸ்மோக்கின் அட் த ஹாஃப் நோட்’ என்ற இசைத்தட்டாக வந்தன. ஜாஸ் கிட்டார் எப்படி ஒலிக்க வேண்டும் என்று கேட்டு வரும் மாணவர்களுக்கு ஆசிரியர்கள் முதலில் போட்டுக் காட்டும் தட்டுகளில் அதுவும் ஒன்று. அதில் கிட்டார் எங்குமே கீச்சிடவில்லை. எவ்வளவு வேகமாக வாசித்தாலும் ஒவ்வொரு சுரமும் திரண்டு, விளிம்பு மழுங்கி, முழுமையாக வந்து விழுகிறது. மேலே ஏறும்போது மெலிவதில்லை, கீழே இறங்கும்போது உறுமுவதும் இல்லை. வாத்தியக்காரர்கள் ‘வார்ம் டோன்’ என்று சொல்லும் கதகதப்பான ஒலிக்கு உலகம் முழுக்கக் காட்டப்படும் உதாரணம் அது.

அந்த ஒலிக்கு வழக்கமாக மூன்று காரணங்கள் சொல்லப்படுகின்றன. வெஸ் பிக் பிடித்து வாசித்தவர் அல்லர். வலது கைக் கட்டைவிரலின் சதையால் மீட்டினார். அவர் கையில் இருந்த கிப்ஸன் எல்-5, வயலினைப் போல மேற்பலகை வளைத்துச் செதுக்கப்பட்ட, உள்ளே கூடாக இருக்கும் ஆர்ச்டாப் வகைக் கிட்டார். ஆம்ப்பிளிஃபையரும் அதற்கு ஏற்றதாக இருந்தது. மூன்றும் உண்மை. இந்த மூன்றையும் பின்பற்ற முயலும் மாணவர் ஆர்ச்டாப் வாங்கக் காசு சேர்க்கிறார், கட்டைவிரலைப் பழக்குகிறார், ஆம்ப்பின் குமிழ்களைத் திருகித் திருகிப் பார்க்கிறார். ஆனால் தொழிற்சாலையிலிருந்து கிட்டாரோடு வந்த கம்பிகளை மட்டும் அப்படியே விட்டுவிடுகிறார். பெரும்பாலும் அவை 0.010 அங்குலத்தில் தொடங்கி 0.046 அங்குலத்தில் முடியும், ராக் இசைக்கு ஏற்ற மெல்லிய கம்பிகள். வெஸ்ஸின் கிட்டாரில் இருந்தவையோ தடித்த, தட்டையான சுற்றுக் கம்பிகள். கருவியிலேயே விலை மிகக் குறைந்த பாகம் கம்பிதான். ஒலி பிறக்கும் இடமும் அதுதான். ஆகவே இன்றைய பேச்சு முழுக்கக் கம்பியைப் பற்றியது. அதிலும் குறிப்பாக ஒரே ஒரு கம்பியைப் பற்றியது.

ஒரு கம்பியை மீட்டினால் ஒற்றைச் சுரம் மட்டும் எழுவதில்லை. கிட்டாரின் ஆறாம் கம்பி, அதாவது எல்லாவற்றிலும் தடித்த கம்பி, நொடிக்கு ஏறக்குறைய 82 முறை அதிர்கிறது. அதே நேரத்தில் அது இரண்டு பகுதிகளாகவும், மூன்றாகவும், நான்காகவும் பிரிந்து அதிர்வதால் 165, 247, 330 என்று மேற்சுரங்கள் கூடவே பிறந்து, ஆயிரக்கணக்கான அதிர்வெண்கள் வரை ஏறிச் செல்கின்றன. இந்த மேற்சுரங்களில் எவை வலுவாக வருகின்றன, எவை எவ்வளவு நேரம் நிற்கின்றன என்பதைப் பொறுத்துத்தான் ஒரே சுரம் ஒரு கருவியில் பளிச்சென்றும் மற்றொன்றில் கதகதப்பாகவும் கேட்கிறது. உச்சியில் உள்ளவை சட்டென்று அடங்கி, அடிப்படைச் சுரமும் அதையடுத்த சில மேற்சுரங்களும் நின்று ஒலித்தால் அதுவே நாம் தேடும் ஒலி.

இதைக் கேட்டதும் ஒரு குறுக்குவழி தோன்றும்: கிட்டாரில் இருக்கும் டோன் குமிழைக் கடைசி வரை திருப்பிவிட்டால் உயர்ந்த மேற்சுரங்கள் போய்விடுமே? போகும். கூடவே தெளிவும் போய்விடும். நான்கு சுரங்கள் கொண்ட ஒரு ஜாஸ் கார்டில் எது எந்தச் சுரம் என்றே பிரித்தறிய முடியாதபடி எல்லாம் ஒன்றாகக் குழையும். குமிழ் எல்லாக் கம்பிகளின் ஒலியையும் ஒரே உயரத்தில் வெட்டுகிறது. மீட்டிய நொடியில் வரும் தெளிவையும் சேர்த்து வெட்டுகிறது. நல்ல கம்பி அப்படிச் செய்யாது. மீட்டிய கணத்தின் தெளிவை அனுமதித்து, பிறகு மேலே உள்ளவற்றை விரைவாக அடங்க விடுகிறது. கதகதப்புக்கும் மந்தத்துக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் இருக்கிறது.

கம்பியின் அமைப்பைப் பார்ப்போம். எலெக்ட்ரிக் கிட்டாரில் மெல்லிய கம்பிகள் வெறும் எஃகு. தடித்த கம்பிகளுக்கு நடுவில் எஃகு நரம்பு ஒன்று இருக்கும்; அதன்மேல் மற்றொரு கம்பியை நெருக்கமாகச் சுற்றியிருப்பார்கள். வெறும் எஃகையே அவ்வளவு தடிமனாகப் போட்டால் அது கம்பியாக வளையாமல் இரும்புக் கோலாக நிற்கும். அதனால்தான் நரம்பை மெல்லியதாக வைத்து, எடையைச் சுற்றின்மேல் ஏற்றுகிறார்கள். அந்தச் சுற்றுக் கம்பி உருண்டையாக இருந்தால் ரவுண்ட்வவுண்ட். பட்டையாக, நாடா போல இருந்தால் ஃப்ளாட்வவுண்ட். கயிற்றுக் கட்டிலையும் நாடாக் கட்டிலையும் கையால் தடவிப் பார்த்தவர்களுக்கு இந்த இரண்டின் வேறுபாட்டை விளக்க வேண்டியதில்லை.

விரல் முதலில் உணர்வது அந்த வழவழப்பைத்தான். ரவுண்ட்வவுண்ட் கம்பியில் இடது கை நகரும்போது மேடுபள்ளங்களில் விரல் உராய்ந்து கீச்சொலி எழுகிறது. தனியாக நின்று கார்டும் மெட்டும் சேர்த்து வாசிக்கும் ஜாஸ் கலைஞருக்கு இந்தக் கீச்சொலி பெரிய தொல்லை. ஃப்ளாட்வவுண்டில் அது ஏறக்குறைய இல்லை. ஒலியிலும் மாற்றம் உண்டு. பட்டை நாடாவின் சுற்றுகள் ஒன்றையொன்று ஒட்டி அமர்ந்திருப்பதால், கம்பி வளைந்து வளைந்து அதிரும்போது அவை தமக்குள் உராய்கின்றன. மிக நுண்ணிய, மிக வேகமான அதிர்வுகளே இந்த உராய்வில் முதலில் தேய்கின்றன. மேலே உள்ள மேற்சுரங்கள் விரைவில் அடங்க இதுவே பெரிய காரணம்.

1950-களின் ஜாஸ் கிட்டாரில் இத்தகைய கம்பிகள் வெகு சாதாரணம். பிறகு ராக் வந்தது. அதற்கு மினுமினுப்பு வேண்டியிருந்தது. பேஸ் கிட்டாரிலும் இதே மாற்றம் நடந்தது: 1966-இல் இங்கிலாந்தின் ரோட்டோசவுண்ட் நிறுவனமும் ‘த ஹூ’ குழுவின் ஜான் என்ட்விஸிலும் சேர்ந்து பியானோவைப் போல ஒலிக்கும் ரவுண்ட்வவுண்ட் பேஸ் கம்பிகளை உருவாக்கினார்கள். அந்தத் திருப்பத்துக்குப் பிறகு ஃப்ளாட்வவுண்ட் என்பது கடைக்காரரிடம் தனியாகக் கேட்டு வாங்கும் சரக்காகிவிட்டது.

சுற்றின் வடிவத்துக்கு அடுத்தது உலோகம். துருப்பிடிக்காத எஃகு நாடா சற்றுப் பளிச்சென்று ஒலிக்கும். தூய நிக்கல் மென்மையானது. கம்பியின் அதிர்வை மின்சைகையாக மாற்றும் பிக்கப்பின் காந்தப்புலத்தை நிக்கல் எஃகைவிடக் குறைவாகவே அசைப்பதால் வெளிவரும் மின்சைகையும் கொஞ்சம் தணிந்திருக்கும். பொதுக் கடைகளில் கிடைக்கும் ராக் செட்டுகளில் பெரும்பாலானவை நிக்கல் முலாம் பூசிய எஃகு. உறையில் ‘நிக்கல்’ என்ற சொல்லைக் கண்டதும் தூய நிக்கல் என்று எண்ணி வாங்கிவிடக் கூடாது. ரவுண்ட்வவுண்டாகச் சுற்றிவிட்டு, மேற்புறத்தை மட்டும் தேய்த்துச் சமப்படுத்திய ஹாஃப்-ரவுண்ட் என்ற நடுத்தர வகையும் உண்டு. ஃப்ளாட்வவுண்டுக்கு மாறத் தயங்குபவர்களுக்கு அது ஒரு படிக்கட்டு.

வெண்கலச் சுற்றுக் கம்பிகளைப் பற்றியும் ஒரு சொல். அக்கூஸ்டிக் கிட்டாருக்கு அவை மிக நல்லவை. காந்தப் பிக்கப் உள்ள கிட்டாரில் அவற்றைப் போட்டால் சிக்கல். வெண்கலம் காந்தத்துக்குப் பிடிபடாது. பிக்கப்புக்குத் தெரிவது உள்ளே இருக்கும் எஃகு நரம்பு மட்டுமே. விளைவாக, முழுக்க எஃகாலான மேல் இரண்டு கம்பிகள் மட்டும் உரக்கக் கூவும். மற்ற நான்கும் பின்வாங்கிவிடும்.

இந்த இடத்தில்தான் பேச்சின் மையத்துக்கு வர வேண்டியிருக்கிறது. ஃப்ளாட்வவுண்ட் செட் ஒன்றை ஆசையாக வாங்கிப் பிரிக்கும் பலர் கவனிக்காத ஓர் உண்மை உண்டு. ஆறு கம்பிகளில் மேல் இரண்டும் எந்த செட்டிலும் சுற்றே இல்லாத வெறும் எஃகுதான். விலை உயர்ந்த ஃப்ளாட்வவுண்ட் செட்டிலும், மலிவான ராக் செட்டிலும் முதலாவது, இரண்டாவது கம்பிகள் ஒரே குலத்தைச் சேர்ந்தவை. ஜாஸ் கலைஞர் தன் மெட்டின் பெரும்பகுதியை வாசிப்பதும் அந்தக் கம்பிகளில்தான். அப்படியானால் ஃப்ளாட்வவுண்ட் தரும் கதகதப்பு மெட்டு பிறக்கும் இடத்தை எட்டுவதே இல்லையா?

எட்டச் செய்வது மூன்றாம் கம்பி. ராக் செட்டில் அதுவும் வெறும் எஃகு, பொதுவாக 0.017 அங்குலம். ஜாஸ் செட்டில் அது சுற்றுக் கம்பி, 0.020-க்கும் 0.026-க்கும் இடைப்பட்டது. வெறும் கம்பிகளின் பளபளப்பும் சுற்றுக் கம்பிகளின் திண்மையும் சந்திக்கும் எல்லைக்கோடு எங்கே விழுகிறது என்பதை இந்த ஒரு கம்பியே முடிவு செய்கிறது.

ஜாஸ் கார்டுகளின் அமைப்பைப் பார்த்தால் இது ஏன் முக்கியம் என்பது புரியும். கார்டின் குணத்தைச் சொல்பவை அதன் மூன்றாவது சுரமும் ஏழாவது சுரமும். மேஜரா மைனரா, அடுத்து எங்கே போகப்போகிறது என்பதெல்லாம் அந்த இரண்டில் அடங்கும். அடிச்சுரத்தை ஐந்தாம் அல்லது ஆறாம் கம்பியில் வைத்துக்கொண்டு, இந்த இரண்டு சுரங்களையும் நான்காம், மூன்றாம் கம்பிகளில் பிடிப்பது ஜாஸ் கிட்டாரின் அரிச்சுவடி. கார்டு மாற மாற இந்த இரண்டு குரல்களும் ஒன்றோ இரண்டோ ஃப்ரெட் நகர்ந்து ஒன்றின் இடத்தை மற்றொன்று வாங்கிக்கொள்ளும். நான்காம் கம்பி சுற்றுக் கம்பியாகவும் மூன்றாம் கம்பி வெறும் எஃகாகவும் இருந்தால், ஒரு குரல் இங்கிருந்தும் மற்றொன்று வேறெங்கிருந்தோவும் வருவது போல இருக்கும். மூன்றாம் கம்பிச் சுரம் மட்டும் கார்டிலிருந்து துருத்திக்கொண்டு நிற்கும். இரண்டும் சுற்றுக் கம்பிகளாக இருந்தால் அந்த இரு குரல்களும் ஒரே தொண்டையிலிருந்து வருகின்றன.

வெஸ்ஸின் புகழ்பெற்ற ஆக்டேவ் வாசிப்புக்கும் இது பொருந்தும். ஒரே சுரத்தை மேலும் கீழுமாக இரண்டு கம்பிகளில் சேர்த்து மீட்டி, இடையில் உள்ள கம்பியை விரலால் ஒலிக்காமல் அமுக்கிவிடுவார். மேல் பகுதியில் இந்த ஜோடிகள் இரண்டாவதும் நான்காவதும், முதலாவதும் மூன்றாவதும். மூன்றாம் கம்பி சுற்றுக் கம்பியாக இருக்கும்போது இரு ஜோடிகளுக்கும் மேலே எஃகு, கீழே சுற்று என்ற ஒரே கலவை அமைகிறது. ஒரு ஜோடியிலிருந்து மற்றதற்குத் தாவும்போது ஒலியின் நிறம் மாறுவதில்லை. வெறும் மூன்றாம் கம்பியோடு அதே மெட்டை வாசித்தால் முதல் ஜோடியில் இரண்டுமே எஃகு. தாவிய உடனே மெட்டு சட்டென்று மெலியும். வீட்டில் இரண்டு கிட்டார் உள்ள எவரும் ஒரே மாலையில் சோதித்துப் பார்த்துவிடலாம்.

பௌதிகமும் இதன் பக்கமே நிற்கிறது. வெறும் எஃகு மூன்றாம் கம்பியை 0.017-லிருந்து 0.020 ஆக்கினால் அதன் விறைப்பு ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது. ஏனெனில் விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கில் வளர்கிறது. அதே சுரத்துக்கு ஏற்ற தேவைப்படும் இழுவிசையோ 1.4 மடங்குக்கும் குறைவாகவே கூடுகிறது. விறைப்பான கம்பியில் மேற்சுரங்கள் தம் சரியான இடத்தைவிட்டு மேலே நழுவும். காதுக்கு அது ஒரு தகர ஓசை. ஃப்ரெட்டில் அழுத்தும்போது சுரமும் கூடுதலாக ஏறிப் போகும். சுற்றுக் கம்பியின் உள்நரம்பு மெல்லியது என்பதால் இந்தக் குறைகள் பெரிதும் குறைகின்றன. தடித்த செட் வாங்கிவிட்டு மூன்றாவதை மட்டும் வெறும் 0.020-ஆக விட்டுவைப்பது, ஆகவே, இரண்டு உலகங்களின் தீமைகளையும் ஒன்றாக வாங்குவது.

சுற்றிய மூன்றாம் கம்பியை ஜாஸ்காரர்களின் தனி வழக்கம் என்று நினைப்பவர்கள் உண்டு. வரலாறு அப்படிச் சொல்லவில்லை. 1950-கள் வரை எல்லோருக்கும் பொதுவான வழக்கம் அதுதான். 1954-இல் வந்த ஃபெண்டர் ஸ்ட்ராடோகாஸ்டரின் பழைய பிக்கப்களில் ஆறு காந்த முளைகளும் ஏற்றத்தாழ்வான உயரத்தில் இருக்கும். மூன்றாம் கம்பிக்குக் கீழே உள்ள முளை தூக்கலாக நிற்கும். அன்றைய மூன்றாம் கம்பி சுற்றுக் கம்பி. அதன் மெல்லிய எஃகு நரம்பின் ஒலியை எடுக்க முளையை மேலே கொண்டுவர வேண்டியிருந்தது. அதே பழைய பாணிப் பிக்கப்பில் இன்றைய வெறும் மூன்றாம் கம்பியைப் போட்டால் அது மற்றவற்றை மிஞ்சிக் கத்துகிறது. ஜாஸ் கிட்டார் கலைஞர் சார்லி கிறிஸ்டியனின் பெயரால் வழங்கும் கிப்ஸனின் பிக்கப்பிலும் இதன் மறுபக்கத்தைக் காணலாம். 1936-இல் இஎஸ்-150 கிட்டாரோடு வந்த அந்தப் பிக்கப்பில் ஆறு கம்பிகளுக்கும் பொதுவாக ஒரே எஃகுத் தகடு. பின்னாளில் வந்த சிலவற்றில், இரண்டாம் கம்பிக்கு நேர் கீழே அந்தத் தகட்டில் ஒரு வெட்டு விட்டிருப்பார்கள். வெறும் எஃகான இரண்டாம் கம்பி, பக்கத்தில் உள்ள சுற்றிய மூன்றாம் கம்பியை அமுக்கிவிடாமல் இருக்கச் செய்த ஏற்பாடு.

வெறும் மூன்றாம் கம்பி பரவியது ராக், கன்ட்ரி கலைஞர்கள் கம்பியை வளைத்து வாசிக்க ஆசைப்பட்டபோதுதான். லூசியானாவிலிருந்து வந்த ஜேம்ஸ் பர்ட்டன் போன்றவர்கள் பாஞ்சோவுக்கான மெல்லிய கம்பிகளைக் கிட்டாரில் கட்டி அந்த வளைவைச் சாதித்தார்கள். 1960-களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவில் எர்னி பால் அத்தகைய மெல்லிய செட்டுகளைத் தயாரித்து ‘ஸ்லிங்கி’ என்ற பெயரில் விற்கத் தொடங்கினார். அவர்களின் தேவைக்கு அது சரியான தீர்வு. சுரத்தை வளைத்து வாசிப்பது அரிதான ஜாஸ் கிட்டாரில் அதே கம்பியைச் சுமந்து திரிய எந்தக் காரணமும் இல்லை.

அடுத்தது தடிமன். இதில் மிகை நிறைய உண்டு. பிலடெல்பியாவின் ஜாஸ் கிட்டார் கலைஞர் பாட் மார்ட்டினோ முதல் கம்பியாக 0.015, 0.016 அங்குலக் கம்பிகளைப் பயன்படுத்தியவர். அதைக் கேட்டு நேராகக் கடைக்கு ஓடுபவர்கள் கணக்கைப் பார்ப்பது நல்லது. ஸ்கேல் நீளம், அதாவது கம்பி அதிரும் நீளம், 25.5 அங்குலமாக உள்ள கிட்டாரில் 0.010 கம்பியை முதல் கம்பியின் சுரத்துக்கு ஏற்றினால் இழுவிசை ஏறக்குறைய 7.3 கிலோ. 0.012-க்கு 10.6 கிலோ. 0.013-க்கு 12.4 கிலோ. 0.016 என்றால் 18.8 கிலோ. இது ஒரு கம்பிக்கு மட்டும். பழகாத விரல் ஒவ்வொரு கார்டிலும் இதை எதிர்த்து அழுத்த வேண்டும்.

தடித்த முதல் கம்பியால் என்ன லாபம்? மேலே பார்த்தபடி முதல் இரண்டு கம்பிகளுக்குச் சுற்றுக் கிடையாது. அவற்றைத் திண்மையாக ஒலிக்கச் செய்யக் கம்பியில் இருக்கும் ஒரே வழி தடிமன்தான். 0.010-லிருந்து 0.012-க்கு வருவதே காதுக்கு நன்றாகத் தெரியும் மாற்றம்: மீட்டும் விசையைக் கம்பி தாங்கி நிற்கிறது, சுரம் கிண்ணென்று தெறிக்காமல் உருண்டு வருகிறது. 0.013 அதைவிடக் கொஞ்சம் கூடுதல். அதற்கு மேலே போனால் ஒலியில் கிடைக்கும் லாபம் சிறுத்துக்கொண்டே போகிறது, விரலும் மணிக்கட்டும் கொடுக்கும் விலை ஏறிக்கொண்டே போகிறது. கை வலித்தால் வாசிப்பு இறுகும். இறுகிய கையிலிருந்து எந்தக் கம்பி போட்டாலும் கதகதப்பு வராது. புதிதாக மாறுபவர்களுக்கு 12 செட், அதாவது முதல் கம்பி 0.012 அங்குலம். கை இன்னும் தயங்கினால் சுற்றிய மூன்றாம் கம்பியோடு கூடிய 11 செட். இதுவே இந்த மேடையிலிருந்து சொல்லக்கூடிய உறுதியான பரிந்துரை.

ஸ்கேல் நீளத்தையும் மறக்கக் கூடாது. கிப்ஸன் இஎஸ்-175, இஎஸ்-335 போன்றவற்றில் அது 24.75 அங்குலம். அதே கம்பியை அதே சுரத்துக்கு ஏற்றினாலும் 25.5 அங்குலக் கிட்டாரைவிட இழுவிசை ஏறக்குறைய 6 சதவீதம் குறையும். ஆகவே 175-இல் 12 செட் எளிதாக வசப்படும். ஃபெண்டர் டெலிகாஸ்டரில் அதே செட் கொஞ்சம் முறுக்காக நிற்கும்.

தடித்த கம்பி என்ற மரபின் பின்னால் இன்னொரு கதையும் இருக்கிறது. 1937 முதல் 1987-இல் தாம் இறக்கும்வரை கவுண்ட் பேஸியின் இசைக்குழுவில் தாளக் கிட்டார் வாசித்த ஃப்ரெடி கிரீன் ஆம்ப் இல்லாமல் வாசித்தவர். பித்தளை வாத்தியங்கள் வரிசை கட்டி முழங்கும் இடத்தில் கிட்டார் கேட்க வேண்டுமானால் கம்பி தடிப்பாக இருக்க வேண்டும். ஃப்ரெட்டிலிருந்து உயரமாகவும் நிற்க வேண்டும். அது சத்தத்துக்காக ஏற்பட்ட தேவை. ஆம்ப் வந்த பிறகும் அந்தப் பழக்கம் தொடர்ந்து, தடித்த கம்பிதான் ஆண்மை என்பது போன்ற ஒரு வீம்பாகச் சிலரிடம் நின்றுவிட்டது. ஆம்ப் வைத்து வாசிப்பவர்களுக்கு அந்தச் சுமை தேவையில்லை.

கடையில் எதைக் கேட்பது? வியன்னாவின் தாமஸ்டிக்-இன்ஃபெல்ட் நிறுவனம் 1919-இல் தொடங்கியது. வயலின் குடும்பக் கருவிகளுக்கான கம்பிகளால் பெயர் பெற்றது. அவர்களின் ‘ஜாஸ் ஸ்விங்’ ஃப்ளாட்வவுண்ட் நிக்கல் நாடா கொண்டது; 12 செட் 0.012-இல் தொடங்கி 0.050-இல் முடிகிறது. விரலுக்கு இதமானது, விலை அதிகம். கிட்டார் கலைஞர் ஜார்ஜ் பென்சன் பெயரில் அவர்கள் விற்கும் செட் அதைவிடக் கொஞ்சம் தடிப்பு. அமெரிக்காவின் டடாரியோ ‘குரோம்ஸ்’ எஃகு நாடா. 12 செட்டின் கம்பிகள் 0.012, 0.016, 0.024, 0.032, 0.042, 0.052. புதிதாகப் போட்டதும் சற்றுப் பளிச்சென்றும் விறைப்பாகவும் இருக்கும்; வாசிக்க வாசிக்கத் தணியும். முதல் நாள் கேட்டுவிட்டு இது சரியில்லை என்று கழற்றுபவர்கள் அவசரப்படுகிறார்கள். ‘குரோம்ஸ்’ வரிசையில் 10 செட்டில்கூட மூன்றாவது சுற்றுக் கம்பிதான் என்பது அதன் பெரிய பலம். நியூயார்க்கின் லா பெல்லாவும் நல்ல ஃப்ளாட்வவுண்டுகளைத் தருகிறது. பெயர் எதுவானாலும் உறையின் பின்புறத்தில் மூன்றாவது எண்ணுக்குப் பக்கத்தில் சுற்றுக் கம்பி என்ற குறி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் காசு கொடுக்க வேண்டும்.

ஜாஸ் என்றாலே கதகதப்பு என்று எவரும் முடிவு கட்டிவிட வேண்டாம். ஜாங்கோ ரைன்ஹார்ட் வாசித்த ஜிப்ஸி ஜாஸ் மரபில் இன்றும் விரும்பப்படுவது எஃகு நரம்பின்மேல் வெள்ளி முலாம் பூசிய செம்பு சுற்றிய மெல்லிய கம்பி. அதன் ஒலி கூர்மையானது, உலர்ந்தது. அந்த இசைக்கு அதுதான் அழகு. மறுபக்கம், கனடாவின் எட் பிக்கர்ட் முழுக்கக் கட்டியான மரத்தாலான டெலிகாஸ்டரை வைத்துக்கொண்டு 1974-இல் சாக்ஸஃபோன் கலைஞர் பால் டெஸ்மண்டின் ‘ப்யூர் டெஸ்மண்ட்’ தட்டில் வாசித்த கார்டுகள், எத்தனையோ ஆர்ச்டாப் கலைஞர்களை ஏங்க வைத்தவை. சாக்ஸஃபோன் கலைஞர் சோனி ராலின்ஸின் 1962-ஆம் ஆண்டுத் தட்டான ‘த பிரிட்ஜ்’-இல் ஜிம் ஹால் 175 கிட்டாரால் செய்ததும் அப்படியே: மெதுவாக மீட்டி, மீதியை ஆம்ப்பிடம் விட்டார். கை எங்கே மீட்டுகிறது என்பது கம்பிக்குச் சமமான சக்தி உள்ளது. கிட்டாரின் பிரிட்ஜ் பக்கத்தில் மீட்டினால் உயர்ந்த மேற்சுரங்கள் துள்ளும். ஃப்ரெட் பலகை முடியும் இடத்துக்கு நகர்ந்து மீட்டினால் அவை அடங்கும். வெஸ்ஸின் கட்டைவிரல் கம்பியின் அகலமான ஒரு பகுதியை ஒரே நேரத்தில் தொட்டு விடுவதால், குறுகிய அலைகள் வலுவாகப் பிறக்க வழியில்லை. அதனால், கம்பி வாங்கும் முன்பு மீட்டும் இடத்தையும் கட்டைவிரலையும் முயன்று பார்ப்பது முறை. அப்போதும் மூன்றாம் கம்பி மட்டும் தனியே துருத்தினால் கம்பியை மாற்றும் நேரம் வந்துவிட்டது.

மாற்றும்போது கவனிக்க வேண்டியவை சில. கழுத்தின் உச்சியில் உள்ள நட்டில் 10 செட்டுக்காக வெட்டிய பள்ளங்களில் 12 செட் அமராது. மேலேயே நிற்கும், சுருதி ஏற்றும்போது டிக் டிக்கென்று சிக்கிச் சிக்கி நகரும். பள்ளத்தை அகலப்படுத்தத் தெரிந்தவரிடம் கொடுக்க வேண்டும். கூடுதல் இழுவிசையால் கழுத்து முன்பக்கம் வளையும். கழுத்துக்குள் இருக்கும் ட்ரஸ் ராடைச் சிறிது இறுக்க வேண்டிவரும். பிரிட்ஜில் மூன்றாம் கம்பியின் இடமும் மாறும். வெறும் மூன்றாம் கம்பிக்காகப் பின்னே தள்ளி வைத்த, பிரிட்ஜில் கம்பி அமரும் சேடிலில் சுற்றுக் கம்பியைப் போட்டால், மேல் ஃப்ரெட்டுகளில் சுருதி இறங்கி ஒலிக்கும். சேடிலைக் கொஞ்சம் முன்னே கொண்டுவர வேண்டும். ஆர்ச்டாப் கிட்டார்களில் மர பிரிட்ஜ் பசையால் ஒட்டப்பட்டிருக்காது. கம்பிகளின் அழுத்தம் மட்டுமே அதை நிறுத்தி வைத்திருக்கிறது. ஆறையும் ஒரே நேரத்தில் கழற்றினால் பிரிட்ஜ் கையோடு வந்துவிடும். ஒன்றைக் கழற்றி, ஒன்றைக் கட்டி, பிறகு அடுத்ததற்குப் போவதே வழி.

ஃப்ளாட்வவுண்டின் விலையைக் கண்டு மலைப்பவர்களுக்கு ஓர் ஆறுதல் உண்டு. ரவுண்ட்வவுண்டில் சுற்றுகளின் இடுக்கில் வியர்வையும் அழுக்கும் சேர்ந்து ஒலி வாடுகிறது. ஃப்ளாட்வவுண்டில் அந்த இடுக்கு மிகக் குறைவு. மோட்டவுன் பாடல்களின் பேஸ் கலைஞர் ஜேம்ஸ் ஜேமர்சன் தமது பேஸில் லா பெல்லா ஃப்ளாட்வவுண்ட் கம்பிகளை அறுந்தாலன்றி மாற்றாதவர் என்று பெயர் பெற்றவர். கிட்டாரிலும் சுற்றிய நான்கு கம்பிகள் நெடுநாள் உழைக்கும், பழகப் பழக மேலும் கனியும். சென்னை, தூத்துக்குடி போன்ற கடற்கரை ஊர்களின் ஈரத்திலும் வியர்வையிலும் முதலில் துருப்பிடிப்பவை மேல் இரண்டு வெறும் எஃகுக் கம்பிகள்தாம். அவற்றுக்காக முழு செட்டையும் தூக்கி எறிய வேண்டியதில்லை. 0.012, 0.016 அளவுகளில் தனிக் கம்பிகளாக வாங்கி வைத்துக்கொண்டு அந்த இரண்டை மட்டும் அவ்வப்போது மாற்றி, சுற்றிய நான்கையும் அப்படியே விட்டுவிடலாம்; வாசித்து முடித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் கம்பிகளின் மேற்புறத்தையும் அடிப்புறத்தையும் ஒருமுறை துடைத்து வைத்தால் அந்த இரண்டுமே இன்னும் சில வாரங்கள் கூடுதலாக வரும்.